ஊர்க் குளத்தின் அடியில் கொங்கிரீற் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் உள்ள உங்கள் ஊர்க் குளம் ஒவ்வொரு வருடமும் சித்திரைக்குள் வற்றி வெடித்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் காசு சேர்த்து வைத்திருக்கிறார்கள். குளத்தை இன்னும் பத்தடி ஆழமாக்கி, அடியிலும் கரையிலும் கொங்கிரீற் போட்டு, சுற்றிவர நடைபாதையும் விளக்கும் வைத்து, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஒரு சின்ன ஏரியாக்கலாமா, அப்படிச் செய்தால் கிணறுகளில் உவர் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர், மற்றது கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டில் இந்த இரண்டும் எதிர் எதிராக இழுப்பவை. கொங்கிரீற் போட்டால் முதலாவது கொஞ்சக் காலத்துக்குக் கிடைக்கும், இரண்டாவது கைவிட்டுப் போகும். பல வருடங்களாக இங்கே கிணற்று நீர்மட்டமும் உப்பும் அளக்கிற வேலையில் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அடியில் கொங்கிரீற் போடாதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். எது நிச்சயம், எது அளந்து பார்க்காமல் சொல்ல முடியாதது என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமாக வந்து அராலியில் கடல்நீரேரியில் விழும். தை பிறந்து கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் நாம் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் அந்த மூன்று மாதத்தில் நிலத்துக்குள் போன தண்ணீர்தான். அந்த நிலமோ சுண்ணாம்புக்கல். மேலே சில அடி செம்மண், கீழே வெடிப்பும் பொந்துமாகக் கல். கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வளவில் அலவாங்கு போட்டால் தீப்பொறி பறக்கிற இறுகிய கல்லாக இருக்கும். அடுத்த வளவில் வெட்டினால் கை நுழைகிற ஓட்டை ஒன்று திறந்து, அதற்குள்ளால் தண்ணீர் குபுகுபுவென்று வரும்.

அந்தக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் மட்டும் இல்லை. சுற்றிவரக் கடலும் கடல்நீரேரியும் இருப்பதால் அடியில் கடல்தண்ணீர் ஊறி நிற்கிறது. மழைத்தண்ணீர் அதைவிட இலேசானது, அதனால் அதன்மேல் ஒரு தோணி மிதப்பதுபோல மிதக்கிறது: மேலே தெரிவது கொஞ்சம், கீழே அமிழ்ந்திருப்பது நிறைய. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால், கீழே உவர் 40 அடி ஏறப் பார்க்கும். நமது கல்லில் வெடிப்புகள் அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் இது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் போக்கு இதுதான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே கேணியில் நல்ல தண்ணீர் ஊறி வெளியே ஓடுகிறதே, அதுவும் இதோடு சேர்ந்த விஷயம்தான். நிலத்துக்குள் போன தண்ணீர் அங்கேயே தங்குவதில்லை. சில இடத்தில் மெதுவாகவும் சில இடத்தில் வேகமாகவும் கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் நாம் எடுத்த அளவு ஒரு கட்டுக்குள் நின்றது. நீர்இறைக்கும் இயந்திரம் வந்தபிறகு ஒரு காலை வேளையில் கிணற்றின் அடியைக் காண முடிகிறது. எடுக்கிற வேகம் கூடியிருக்கிறது, உள்ளே விடுகிற வழிகள் குறைந்திருக்கின்றன. உங்கள் கிணற்று உவருக்கு அடிப்படைக் காரணம் அநேகமாக இதுதான்.

இப்போது குளத்துக்கு வருகிறேன். குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. இயற்கையான பள்ளத்தில் தண்ணீர் தேங்கியவை சில, அப்படியான பள்ளங்களை மனிதர் வெட்டி, கரை கட்டி, வாய்க்கால் இணைத்துப் பெரிதாக்கியவை மற்றவை. இரண்டையும் இன்று பிரித்துக் காண்பது கடினம். குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியின் குளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் குளங்கள் குளமாகவே தெரியாது. அங்கே கிளிநொச்சியில் உள்ள இரணமடுக் குளத்தின் மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடி வயலுக்குப் போகும், கண்ணால் பார்க்கலாம். இங்கே உள்ள பெரும்பாலான குளங்களின் மதகு அவற்றின் அடிநிலம்தான். மாரியில் ஊர் வெள்ளத்தை வாங்கி, இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, சுற்றியுள்ள கிணறுகளுக்குள் கசியவிடுவது அவற்றின் தொழில். சித்திரையில் உங்கள் குளம் வற்றிக் கிடப்பதைப் பார்த்து அது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். அதில் இருந்த தண்ணீரில் ஒரு நல்ல பங்கு அப்போது அநேகமாக உங்கள் ஊர்க் கிணறுகளில் இருக்கும்.

கொங்கிரீற் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் குளம் 16 பரப்பு, அதாவது ஒரு ஏக்கர் என்றும், ஆறடித் தண்ணீர் நிற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நிரம்பி நிற்கும்போது அதில் ஏறக்குறைய 74 இலட்சம் லீற்றர் இருக்கும். நமது வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீற்றர் ஆவியாகிப் போகும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அதைவிடக் கூட. தை முடிவிலிருந்து புரட்டாதி வரை எட்டு மாதம், 240 நாள். ஐந்தால் பெருக்கினால் 1,200 மில்லிமீற்றர், நான்கு அடி. இடையில் சித்திரையில் பெய்கிற மழை கொஞ்சம் ஈடு செய்யும், அவ்வளவுதான். ஆகவே கொங்கிரீற் போட்ட குளத்தில் இருந்து ஏறக்குறைய 50 இலட்சம் லீற்றர் வானத்துக்குப் போய்விடும். ஐயாயிரம் லீற்றர் பவுசரில் ஆயிரம் தடவை கொண்டுவருகிற தண்ணீர் அது. மிஞ்சுகிற இரண்டடித் தண்ணீரிலும் உப்பும் அழுக்கும் செறிந்து, வெயிலில் சூடேறி, பச்சைப் பாசியாக நிற்கும். அதன் கரையில் நடைபாதை போட்டு யாரும் நடக்க மாட்டார்கள். அதே குளத்தின் அடி மண்ணாகவே இருந்து, தண்ணீர் இரண்டரை மூன்று மாதத்தில் கீழே இறங்கிவிட்டால், ஆவியாகிற நட்டம் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும். மிச்சம் நிழலில், கல்லுக்குள், வெயில் படாமல் இருக்கும். நம்மைப் போன்ற காய்ச்சல் நிலத்தில் தண்ணீரைச் சேமிக்க நிலத்தடியைவிடத் தோதான தொட்டி இல்லை.

கொங்கிரீற் வேண்டாம், ஆழமாக மட்டும் தோண்டுவோம் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அதிலும் கவனம் வேண்டும். வலிகாமத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. கோடை முடிவில் பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரிரு அடி மேலேதான் நிற்கும். பெக்கோவை இறக்கி ஒரே நாளில் பத்தடி எடுத்தால், மேல்மண்ணைத் தாண்டி, களிமண்ணையும் தாண்டிக் கல்லை உடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது குளமாக இருக்காது, வாய் அகன்ற ஒரு கிணறாகிவிடும். தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் அது மழைத்தண்ணீராக இருக்காது, சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீராக இருக்கும். கிணற்றுக்குள் குளிர்ச்சியாக இருந்ததை வெளியே எடுத்து வெயிலில் காயவிடுகிறோம். கடற்கரைக்கோ கடல்நீரேரிக்கோ கிட்ட என்றால், மேலிருந்த நல்ல தண்ணீரின் பாரம் குறைந்து கீழிருந்து உவர் ஏறவும் வழி உண்டு. தூர் வாருவது வேறு, தோண்டுவது வேறு. குளத்தின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த சேற்றை, அது எங்கே முடிந்து பழைய அடிமண் தொடங்குகிறதோ அதுவரை எடுப்பது தூர் வாருதல். நிறத்திலேயே தெரியும்: மேலே கறுப்பாக, வழுவழுப்பாக, மணத்தோடு இருக்கும், கீழே சாம்பல் அல்லது மஞ்சள் கலந்த இறுகிய மண் வரும். அந்த நிறம் மாறுகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சேறு தடித்தால் தண்ணீர் கீழே இறங்காது என்பதால் தூர் வாருவது அவசியம்தான். அந்தக் காலத்தில் குளத்துச் சேற்றை வண்டியில் ஏற்றி வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டார்கள். பசளையும் கிடைத்தது, குளமும் துப்புரவானது. இன்று அந்தச் சேறு டிப்பரில் ஏறி யாரோ ஒருவருடைய பள்ளக் காணியை நிரப்பப் போகிறது. இதில் எனக்கு மிகுந்த மனவருத்தம் உண்டு.

இதுவரை சொன்னவை நிச்சயமானவை. இனிச் சொல்வது இடத்துக்கு இடம் மாறுவது. உங்கள் குளத்தைத் துப்புரவாக்கினால் உங்கள் கிணற்றில் உவர் குறையுமா என்பதற்கு இங்கிருந்தே ஆம் என்று சொல்வது நேர்மையாக இருக்காது. மூன்று விஷயத்தைப் பொறுத்தது அது. குளத்தின் அடியில் எவ்வளவு களி இருக்கிறது, கல்லில் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் குளத்துக்கு அருகே உள்ள கிணறு அசையாமல் இருக்க, தொலைவில் உள்ள கிணறு மாரியில் விறுவிறுவென்று ஏறுவதும் நடக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் சில வாரத்திலேயே கடலுக்கு ஓடிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. தென்மராட்சியில் மணல் நிலத்தில் உள்ள குளங்களின் நடத்தை வலிகாமத்துக் குளங்களைப் போன்றதல்ல. கடல்நீரேரிக் கரையில் உள்ள சில குளங்கள் கிணறுகளுக்குக் கொடுப்பதற்குப் பதிலாகக் கிணறுகளிடமிருந்து வாங்குகின்றன.

நல்லவேளை, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு தேவையில்லை. குளத்தின் ஆழமான இடத்தில் அங்குலக் கோடு போட்ட ஒரு மரக்கட்டையை நட்டுவிடுங்கள். கரையில், நிழல் விழாத இடத்தில், ஆடுமாடு வாய் வைக்காதபடி வலை போட்டு, அகலமான பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மழையில்லாத ஒரு வாரம் இரண்டும் எவ்வளவு இறங்குகின்றன என்று தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். பாத்திரத்தில் குறைவது ஆவியானது. குளத்தில் அதைவிடக் கூடக் குறைந்தால் அந்த வித்தியாசம் நிலத்துக்குள் போனது. தகரப் பாத்திரம் குளத்தைவிடச் சூடேறும் என்பதால் அதில் கொஞ்சம் கூடுதலாகவே ஆவியாகும். அதையும் மனதில் வைத்துப் பார்த்தால் ஓரளவு நம்பக்கூடிய கணக்குக் கிடைக்கும். கூடவே, குளத்தைச் சுற்றி வெவ்வேறு தூரத்திலும் திசையிலும் நாலைந்து கிணறுகளைத் தெரிவுசெய்து, வாரம் ஒருமுறை, காலையில் யாரும் இறைக்கத் தொடங்கும் முன், கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நாடாவால் அளவுங்கள். மின்கடத்துத்திறன் அளவி ஒன்று பாடசாலை ஆய்வுகூடத்தில் இரவல் கிடைத்தால் உப்பையும் சேர்த்து எழுதலாம். உயர்தர மாணவர்கள் இரண்டு பேரிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். ஒரு மாரி முழுக்க இந்தக் கணக்கு கையில் இருந்தால், எந்த நிபுணரும் உங்களுக்குக் கதை விட முடியாது.

இன்னொரு விஷயம், இதை அலட்சியம் செய்யக்கூடாது. தண்ணீர் கீழே இறங்குகிற வழியால் அழுக்கும் இறங்கும். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது நெடுங்காலமாகவே தெரிந்த செய்தி. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. அளவுக்கு மிஞ்சிப் போடுகிற யூரியாவும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழிகளும் அதைத் தாண்ட வைக்கின்றன. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015இல் எவ்வளவு பெரிதாக வெடித்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். நிலத்தின் மேல் ஓரிடத்தில் கொட்டியது எத்தனை வீட்டு வாளியில் ஏறுகிறது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. சுத்தமான மழைத்தண்ணீரைக் குளம் வழியாக உள்ளே விட்டால் இந்த நைத்திரேற்றின் செறிவு குறையும். ஆனால் குளத்துக்கு வருகிற வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீரும் வாகனம் கழுவுகிற தண்ணீரும் சேர்ந்தால், அந்தக் குளமே நஞ்சை உள்ளே தள்ளுகிற குழாயாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் குளம் அல்ல, குளத்துக்கு வருகிற வாய்க்கால். உங்கள் ஊரில் அதன்மேல் எத்தனை மதில் ஏறியிருக்கிறது, எத்தனை ஒழுங்கைகளைக் கொங்கிரீற் போட்டு உயர்த்தியதில் அது மூடுண்டு போயிருக்கிறது என்று ஒரு நல்ல மழை நாளில் குடையோடு நடந்து பாருங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போதும், 2020 மார்கழியில் புரெவி வந்தபோதும் வீடுகளுக்குள் ஏறிய வெள்ளத்தில் ஒரு பங்கு, போக வேண்டிய குளத்துக்கு வழி தெரியாமல் நின்ற வெள்ளம்.

குளம் வற்றுவது அசிங்கம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் குளத்தில் வாழ்கிற உயிர்கள் எல்லாம் வற்றுவதற்குப் பழகியவை. மாசி, பங்குனியில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஓரிடத்தில் நெருங்கும். அப்போதுதான் கொக்கும் நாரையும் கூட்டமாக இறங்கும். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்குக் கரையில் நின்று பாருங்கள். வெள்ளைக் கொக்கு ஒன்று சேற்றில் ஒரு காலை மட்டும் அசைத்து அசைத்துக் கலக்கும், சேறு கிளம்பியதும் வெளியே பாய்கிற குஞ்சு மீனைப் பட்டென்று கொத்தும். பக்கத்தில் இன்னொன்று அசையாமல் அதற்காகவே காத்து நிற்கும். விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மாரியை எதிர்பார்த்துக் கிடக்கும். அல்லிக் கிழங்கும் அப்படித்தான். தண்ணீர் முழுக்கப் போனதும் அடியில் புல் முளைக்கும், ஊர் மாடுகள் வைகாசி வரை அங்கே மேயும். மாடு போட்ட சாணமும் காய்ந்த புல்லும் அடுத்த மாரியில் நுண்ணுயிர்களுக்கு உணவாகி, தவளைக் குஞ்சுக்கும் மீன்குஞ்சுக்கும் போய்ச் சேரும். நேர்க்குத்தாகக் கொங்கிரீற் சுவர் கட்டிய குளத்தில் இதில் ஒன்றும் நடக்காது. கொக்கு நிற்க ஆழம் குறைந்த ஓரம் இருக்காது. ஆமை ஏறமுடியாது. தவறி விழுந்த மாடும் ஏறமுடியாது, சொல்ல மனம் வரவில்லை, விழுந்த பிள்ளையும் ஏறமுடியாது. நுளம்பு பெருகும் என்று பயந்து சிலர் கொங்கிரீற் கேட்கிறார்கள். டெங்கு நுளம்பு மீனும் தவளையும் உள்ள குளத்தை விரும்புவதில்லை. சிரட்டையிலும் டயரிலும் கூரைப் பீலியிலும் தேங்குகிற தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வசதி.

பழைய ஆட்கள் குளத்தை எப்படி அமைத்தார்கள் என்பதைக் கவனித்தால் இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று புரியும். மனிதர் இறங்கிக் குளிக்கப் படிக்கட்டுள்ள கேணி தனி. ஆடுமாடு இறங்கிக் குடிக்கச் சரிவாக வெட்டிய துரவு தனி. பக்கத்தில் மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக்கல், பாரம் இறக்கச் சுமைதாங்கி, வழிப்போக்கருக்கு மடம். குளக்கரையில் மருதும் ஆலும் நாவலும். மருத மரத்தின் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், நிழல் ஆவியாவதைக் குறைக்கும், அந்த நிழலுக்காகவே ஆட்கள் வந்து இருப்பார்கள், ஆட்கள் இருக்கிற இடத்தில் குப்பை கொட்ட யாருக்கும் துணிவு வராது. குழாயும் வீட்டுக்கு வீடு கிணறும் வந்தபிறகு குளத்துக்குப் போகிற தேவை ஒழிந்தது. அதன்பிறகுதான் அது கோழிக்கழிவு கொட்டுகிற இடமானது. இந்த வகையில் உங்கள் நடைபாதை யோசனையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நகரில் ஆரியகுளத்தை 2021இல் திருத்தியபின் மாலையில் குடும்பமாக ஆட்கள் போய் இருப்பதைப் பார்க்கிறோம். கண்ணில் படுகிற குளத்தை ஊர் காப்பாற்றும். ஆனால் நகரக் குளத்தின் தேவை வேறு, தோட்ட நிலத்தின் நடுவில் உள்ள உங்கள் குளத்தின் தேவை வேறு. நடைபாதையைக் கரைக்கு மேலே, கிரவல் மண்ணால், மரங்களைச் சுற்றி வளைத்துப் போடுங்கள். அடியைத் தொடாதீர்கள்.

கேள்வியின் கடைசியில், "யாழ்ப்பாணத்துக்கென்று ஏன் ஒரு பெரிய ஏரி இல்லை?" என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்று கட்ட நிலமும் சரிவும் இங்கே இல்லை, அடி ஒழுகுகிற கல். கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய இரணமடு, யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறியவர்களையும் சேர்த்து ஒரு கிளிநொச்சியையே உருவாக்கியது. அந்தத் தண்ணீரைக் குழாயில் இங்கே கொண்டுவரும் திட்டம் வந்தபோது, கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கே போதாமல் இருக்கிறது என்று அந்த விவசாயிகள் மறுத்ததில் நியாயம் இருந்தது. கடைசியில் 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீருக்கு உதவும், தோட்டத்துக்கு அல்ல. இதற்கெல்லாம் முன்பு, 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வேறொரு வழி சொன்னார். ஆனையிறவுக் கடல்நீரேரியில் வன்னி ஆறுகளின் தண்ணீரைத் தேக்கி, முள்ளியான் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாறு நீரேரிக்கும் கொண்டுவந்து, உப்பு ஏரிகளையே நன்னீர் ஏரிகளாக்குவது. கடல்நீர் உள்ளே வராதபடி தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கட்டிய, கதவுகள் உள்ள தடுப்பணைகள் அந்தச் சிந்தனையின் பகுதிகள். கதவுகள் ஒழுங்காக வேலை செய்த காலத்தில் கரையோரக் கிணறுகள் நன்னீரானது என்று அந்தப் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிலத்தடி நீரின் இயல்பை வைத்துப் பார்த்தால் அது நம்பக்கூடியதே. கதவுகள் பழுதாகிப் பராமரிப்பு நின்றபோது உவர் திரும்ப வந்தது. இந்தத் திட்டத்தை முழுமையாக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் உப்பும் நன்னீரும் கலந்த அந்த நீரேரிகளில் இறால் பிடித்துச் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆழமற்ற உவர்ச்சேற்றை நம்பி வருகிற பூநாரைகளும் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் கதவைப் பூட்டுவது சரியாகாது. எந்த அளவு உப்பில் எந்தப் பங்கை வைத்திருப்பது என்பது இன்னும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

சரி, உங்கள் கையில் உள்ள காசுக்கு வருவோம். நான் என்றால் இந்த ஒழுங்கில் செய்வேன். வருகிற கோடையில் வாய்க்காலைத் தேடித் திறப்பது. மதில்காரரோடு சண்டைக்குப் போகாமல், ஒரு குழாய் பதிக்க மட்டும் இடம் கேட்டால் அநேகம்பேர் விடுவார்கள். வாய்க்கால் குளத்துக்குள் விழும் இடத்தில் ஆறேழு அடி நீளத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, அதில் மண்ணும் பிளாஸ்ரிக்கும் தங்கவிடுவது. கொங்கிரீற் போட ஆசையாக இருந்தால் அங்கே தாராளமாகப் போடலாம், வருடா வருடம் அள்ளவும் லேசு. பிறகு ஆடி, ஆவணியில் குளத்தின் அடி நன்றாகக் காய்ந்தபின் சேற்றை மட்டும் எடுப்பது, அதைக் கமக்காரர்களுக்குக் கொடுப்பது. கரையைச் சரிவாகவே விடுவது. மேலதிக வெள்ளம் போக வழி வைத்து, அடுத்த குளத்தோடு அதை இணைப்பது. மாரி தொடங்க மருதங்கன்று நடுவது. மிஞ்சுகிற காசில் நடைபாதை. ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் படர்ந்திருந்தால் கையால் அள்ளிக் கரையில் போட்டு உக்கவிடுங்கள், களைகொல்லி மட்டும் அடிக்க வேண்டாம். அது நேரே கிணற்றுக்குப் போகும்.

தொடங்கும் முன் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வயலுக்குப் பாய்கிற சிறு குளமென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வரும், கமநல சேவை நிலையத்தின் அனுமதி வேண்டும். ஊருக்குள் உள்ள மற்றவை பெரும்பாலும் பிரதேச சபையிடமும், சில கோயில்களிடமும் இருக்கும். குளத்து மண்ணை வெளியே ஏற்றுவதற்கும் அனுமதி தேவைப்படலாம், இல்லாவிட்டால் டிப்பரை வழியில் மறித்துவிடுவார்கள். அந்த மரக்கட்டையையும் நாலைந்து கிணற்று அளவையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஐப்பசியிலேயே தொடங்கி, பங்குனியில் கணக்கை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.